வேதியியல் பட்டமும் நம் சங்கங்களின் கடமையும்

ஆண்டுதோறும் மேல்நிலைத் தேர்வின் முடிவுகள் வெளிவந்ததும், காக்களூரிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் வாழும் நெசவாளர், உழவர் இல்லங்களில் ஒரு கேள்வி தவறாமல் எழுகின்றது. "பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்தால் என்ன பயன்?" என்பதே அது. பொறியியல் கல்லூரியில் இடம் கிடைக்காதவர்க்கு எஞ்சிய படிப்பு என்று வேதியியலைக் கருதுவோர் நம் அங்கத்தினரிடையே பலர் உளர். நிலத்தின் மீது கடன் பெற்றேனும் மகனைத் தனியார் பொறியியல் கல்லூரிக்கு அனுப்ப முனையும் தந்தையார், மகள் வேதியியல் பயில விழைந்தால், "பட்டம் ஒன்று இருந்தால் போதும்" என்று மூன்றாண்டுகளோடு நிறுத்திவிடுகின்றார். இவ்விரு போக்கும் பிழை என்பதே நமது கருத்து. வேதியியல் நம் தொழிலுக்கு மிக நெருங்கிய கல்வி. ஆர்வமுள்ள பிள்ளையை அதில் பாதியில் நிறுத்துவது பாதிக் கிணறு தாண்டச் செய்வதற்கு ஒப்பாகும். மீதிக் கிணற்றையும் தாண்டத் துணைநிற்பது நம் சங்கங்களின் கடமை.

வேதியியல் நம் வாழ்வில் குறுக்கிட்ட வரலாற்றைச் சிறிது நினைவு கூர்வோம். அவுரிச் செடியினின்று எடுக்கும் நீலச் சாயம் ஒரு காலத்தில் நம் நாட்டின் பெரிய ஏற்றுமதிப் பொருளாக விளங்கிற்று. ஜெர்மனியில் அடால்ஃப் வான் பேயர் என்னும் வேதியியல் பேராசிரியர் 1880ஆம் ஆண்டில் அந்நீலத்தைச் செயற்கையாக ஆக்கும் வழி கண்டார். 1897இல் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் அதனைச் சந்தைக்குக் கொணர்ந்தது. சில ஆண்டுகளுக்குள் அவுரி பயிரிட்டோர் வேறு பயிரை நாட வேண்டியவராயினர். புயலோ வெள்ளமோ செய்யாததை ஓர் ஆய்வுக்கூடம் செய்துவிட்டது. நெசவாளர்க்குச் சாயம் மலிந்தது. உழவர்க்குப் பிழைப்புப் போயிற்று.

அண்மைக் காலத்திலும் இதே கதைதான். தீங்கு விளைக்கும் அமீன்களை வெளிவிடும் சில அசோ சாயங்களை ஜெர்மனி 1994இல் தடை செய்தது. நம் அரசும் 1997இல் அத்தகைய சாயங்களுக்குத் தடை விதித்தது. 2011ஆம் ஆண்டு ஜனவரியில், நொய்யல் ஆற்றைக் கெடுத்த காரணத்தால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடுமாறு சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. சாயத்தில் என்ன இருக்கிறது, கழிவுநீரில் என்ன போகிறது என்று முன்னரே அறிந்து கூற வல்லவர் சங்கத்துக்குள் இருந்தால், ஆணை வருமுன் விழித்துக்கொள்ளலாம் அன்றோ?

நம் அன்றாடத் தொழிலையே பாருங்கள். ஹைட்ரோஸும் காஸ்டிக் சோடாவும் எவ்வளவு சேர்க்க வேண்டும் என்பதைச் சாயப்பட்டறையில் கைப்பழக்கத்தால் அறிவோம். ஆயினும் கிணற்று நீர் கடின நீராக மாறும்போது அதே அளவில் நிறம் ஏன் திரிகிறது என்பதைக் கைப்பழக்கம் சொல்லாது. வயலை எடுத்துக்கொண்டால், களர் நிலத்துக்கு ஜிப்சம் இட்டால் பயன் உண்டு; உவர் நிலத்துக்கு அது வீண் செலவு, அங்கே நல்ல நீர் பாய்ச்சி உப்பை வடித்தல் வேண்டும். இரண்டும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்று போலவே தோன்றும். வேற்றுமையைக் காட்டுவது மண் சோதனையே. காக்களூர் ஆவின் பால் பண்ணைக்குச் செல்லும் பாலுக்கு விலை, கொழுப்பையும் இதர சத்துக்களையும் அளந்தே தீர்மானிக்கப்படுகின்றது. கந்தக அமிலமும் அமைல் ஆல்கஹாலும் கொண்டு கொழுப்பைப் பிரித்துக் காட்டும் கெர்பர் முறை ஒரு வேதியியல் சோதனையே. மின்னணுக் கருவிகள் வந்த பின்னரும், அக்கருவி காட்டும் அளவு சரிதானா என்று ஒப்பிட்டுப் பார்க்க அம்முறை துணையாகின்றது. அளவில் சிறிது பிசகினாலும் இழப்பு மாடு வளர்ப்போர்க்கே.

தொழிற்பேட்டையையும் மறத்தற்கில்லை. 2024ஆம் ஆண்டு மே மாதத்தில் காக்களூர்த் தொழிற்பேட்டையில் உள்ள வண்ணப்பூச்சுத் தொழிற்சாலை ஒன்றில் தீ மூண்டு உயிர்கள் பலியாயின. எளிதில் பற்றும் திரவங்களோடு நாள்தோறும் வேலை செய்யும் வட்டாரம் இது. அங்கே வேலைக்குச் செல்வோர் நம் பிள்ளைகளே. அத்திரவங்களின் இயல்பை அறிந்தவர் அவர்களிடையே மிகுதியாக வேண்டும்.

எங்கே, எதனைப் பயிலலாம்?

வழிகள் மூன்று உள்ளன, அவற்றைக் குழப்பிக்கொள்ளலாகாது.

முதலாவது, அறிவியல் பட்டம். பி.எஸ்ஸி. மூன்றாண்டு, எம்.எஸ்ஸி. இரண்டாண்டு. 1857இல் நிறுவப்பெற்ற சென்னைப் பல்கலைக் கழகத்தோடு நம் மாவட்டத்துக் கலைக் கல்லூரிகள் பலவும் இணைந்துள்ளன. பொன்னேரியிலும் திருத்தணியிலும் அரசுக் கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. எந்தக் கல்லூரியில் வேதியியல் பிரிவு உண்டு, எந்த மொழியில் கற்பிக்கின்றனர், ஆய்வுக்கூடம் எவ்வாறுள்ளது என்பவற்றை நேரில் சென்று கேட்டறிந்த பின்னரே விண்ணப்பம் இடுக. பட்டம் பெற்ற பின், பல்கலைக் கழகத்தின் கிண்டி வளாகத்தில் எம்.எஸ்ஸி. பயிலலாம், பகுப்பாய்வு, கனிம, கரிம, இயற்பியல் வேதியியல் என அங்குத் தனித்தனித் துறைகள் உள்ளன. சோதனைக்கூட வேலையை நாடுவோர்க்குப் பகுப்பாய்வும், சாயம், மருந்து ஆகியவற்றை நாடுவோர்க்குக் கரிம வேதியியலும் ஏற்றவை. மிக நன்றாகப் படிப்போர், ஜாம் என்னும் பொதுத் தேர்வு எழுதி இந்திய தொழில்நுட்பக் கழகங்களிலும் எம்.எஸ்ஸி. சேரலாம்.

இரண்டாவது, தொழில்நுட்பப் பட்டம். வள்ளல் அழகப்பச் செட்டியார் பெயரால் 1944இல் கிண்டியில் தோன்றிய ஏ.சி. தொழில்நுட்பக் கல்லூரி, 1978 முதல் அண்ணா பல்கலைக் கழகத்தின் அங்கமாக உள்ளது. வேதிப்பொறியியலும் ஜவுளித் தொழில்நுட்பமும் அங்குள்ள நான்காண்டுப் படிப்புகள். ஒரு வினை ஏன் நிகழ்கிறது என்று ஆராய்பவர் வேதியியலார். அதனைப் பெரிய கொப்பரையிலும் குழாயிலும் நடத்திக் காட்டுபவர் வேதிப்பொறியாளர். இதற்குப் பன்னிரண்டாம் வகுப்பில் கணிதமும் வேண்டும்.

மூன்றாவது, வேளாண் பட்டம். கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக் கழகத்தில் மண்ணியலும் வேளாண் வேதியியலும் முதுகலையாக உண்டு. ஆனால் அது வேளாண் இளங்கலை பயின்றோர்க்கே உரியது. பி.எஸ்ஸி. வேதியியல் முடித்த பின் மண்ணியலுக்கு மாறலாம் என்று எண்ணியிருந்து ஏமாறுதல் வேண்டா. பன்னிரண்டாம் வகுப்பு முடிந்தவுடனேயே வழியைத் தேர்ந்துகொள்க.

பி.எஸ்ஸி. பட்டத்தை நாம் குறைத்துப் பேசவில்லை. சோதனைக்கூடத்தில் மாதிரியை அளந்து கணக்கெழுதும் வேலைக்கு அது நல்ல தகுதி. ஆயினும் அளந்ததற்குப் பொருள் கூறிக் கையொப்பமிடும் பொறுப்பு பெரும்பாலும் முதுகலையாளரையே சேருகின்றது. உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி உணவுப் பகுப்பாய்வாளர் ஆவதற்கு, வேதியியல் பயின்றவர் எம்.எஸ்ஸி. பட்டமும், உணவைச் சோதிப்பதில் மூன்றாண்டு அனுபவமும் பெற்றுத் தேர்வில் தேறுதல் வேண்டும். மேல்நிலை வகுப்புகளில் வேதியியல் ஆசிரியராவதற்கும் எம்.எஸ்ஸி.யோடு பி.எட். தேவை. இளங்கலையோடு நின்றவர்க்கு இக்கதவுகள் திறப்பதில்லை.

மகளிர் நிற்கும் இடமும் இதுவே. அரசுப் பள்ளியில் பயின்ற மாணவியர்க்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரிலும், மாணவர்க்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டிலும் தொடங்கப்பெற்றன. இவை முதல் பட்டத்துக்கென அமைந்தவை. மூன்றாண்டு முடிந்ததும் உதவி நிற்கிறது. வீட்டில் திருமணப் பேச்சுத் தொடங்குகிறது. நல்ல மதிப்பெண் பெற்ற பெண்ணும் கிண்டிக்குச் செல்லாமல் நின்றுவிடுகின்றாள்.

இவ்விடத்தில் சங்கம் கைகொடுக்க வேண்டும். ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு: நாளொன்றுக்கு 1,000 லிட்டர் பால் சேகரிக்கும் சங்கம், லிட்டருக்கு 5 பைசா ஒதுக்கினால் நாளைக்கு 50 ரூபாய், மாதத்துக்கு 1,500 ரூபாய் சேரும். அங்கத்தினர் எவருக்கும் சுமையாகாத இத்தொகை, ஒரு பிள்ளை புறநகர் ரயிலில் நாள்தோறும் சென்று எம்.எஸ்ஸி. பயில்வதற்குப் பெருந்துணையாகும். நெசவாளர் சங்கமும் உழவர் சங்கமும் இணைந்து செய்தால் இன்னும் எளிது.

"நம் பணத்தில் படித்துவிட்டுச் சென்னைக்குப் போய்விட்டால் என்ன செய்வது?" என்று சிலர் வினவுவர். நியாயமான அச்சமே. ஆனால் பிள்ளையைப் பத்திரத்தால் கட்டிவைத்துக் கல்வி வளர்ந்ததில்லை. அதற்கு மாறாக ஒன்று கேட்போம். எம்.எஸ்ஸி. இறுதியில் மாணவர் ஓர் ஆய்வு செய்து அறிக்கை அளிக்க வேண்டும். உதவி பெறுபவர், தம் பேராசிரியரின் இசைவோடு, அவ்வாய்வை நம் சாயப்பட்டறைக் கழிவுநீரைக் குறித்தோ, நம் கிணற்று நீரைக் குறித்தோ செய்து, முடிவைத் தமிழில் நம் கூட்டத்தில் படித்துக் காட்டட்டும். அவர் எங்கே வேலைக்குச் சென்றாலும் அந்த அறிவு நம்மிடம் தங்கும். சோதனை வேலைக்கு ஊதியம் தரும் பதவி ஒன்றைச் சங்கங்கள் கூட்டாக ஏற்படுத்தினால் அவரே திரும்பி வரவும் கூடும். பதவியும் ஏற்படுத்தாமல் "யாரும் வருவதில்லை" என்று குறைகூறுவது முறையாகாது.

ஆகவே அங்கத்தினர்களுக்கு நமது வேண்டுகோள் இரண்டு. பன்னிரண்டாம் வகுப்பில் பிள்ளை பயிலும் வீட்டார், மேற்சொன்ன மூன்று வழிகளையும் இப்போதே பிள்ளையோடு அமர்ந்து பேசுக. அடுத்த மகாசபைக் கூட்டத்துக்கு வருவோர், முதுகலைக் கல்வி நிதியை நிகழ்ச்சி நிரலில் சேர்க்குமாறு காரியதரிசிக்கு இம்மாதமே எழுத்து மூலம் தெரிவிக்குக. முதலில் ஒரு மாணவிக்கேனும் அந்நிதி பயன்படட்டும்.