பட்டியலில் எழுதிய பெயர்

1967 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்க அரசாங்கம் அருகிவரும் உயிரினங்களின் முதற் பட்டியலை வெளியிட்டது. பசுபிக் சமுத்திரத்து ஹவாய்த் தீவுக் கூட்டத்திலே கவாய்த் தீவுக்கு உரியதான ‘ஓஓ’ என்னும் பறவையின் பெயரும் அதில் இடம்பெற்றிருந்தது. 2023 ஒக்ரோபரில் அரசாங்கம் அப்பெயரை நீக்குவதாக அறிவித்தது. பறவை பெருகியமையாலன்று, உலகிலிருந்தே மறைந்தமையால். இயற்கைப் பாதுகாப்பிற்கான சர்வதேச ஒன்றியமோ 2000 ஆம் ஆண்டிலேயே அவ்வினம் அற்றுப்போயிற்று என்று முடிவு கூறிவிட்டது.

கரிய உடலும், தொடைகளிலே பொன்மஞ்சள் இறகும் கொண்ட சிறு பறவை அது. பூந்தேனும் பூச்சிகளும் உண்டு, மரப்பொந்துகளில் வாழ்ந்தது. சேவலும் பேடும் மாறிமாறிப் பாடுவது அதன் இயல்பு. 1981 இல் அலகாய்ச் சதுப்புக் காட்டில் ஒரு சோடி காணப்பட்டது. 1982 இல் வீசிய இவா சூறாவளியின் பின் பேடு காணப்படவில்லை. சேவலை 1985 இலும், அதன் குரலை 1987 இலும் இறுதியாக அறிந்தனர். மறுமொழியற்ற அப்பாட்டு இன்று ஒலிப்பதிவாக மட்டும் எஞ்சியுள்ளது.

இவ்வழிவு ஒருநாளில் நேர்ந்ததன்று. ஹவாய்த் தீவுகளிலே ஆதியில் நுளம்பு இருந்ததில்லை. 1826 அளவில் கப்பல் வழியாக அது வந்தேறியது. பின்னர் பறவை மலேரியாவும் பரவியது. அந்நோயை முன்னர் அறியாத பறவைகளுக்கு அதனை எதிர்க்கும் வலிமை இருக்கவில்லை. எலிகள் கூடுகளைச் சூறையாடின; பன்றிகள் கிளறிய குழிகளில் நீர் தேங்கி நுளம்பு பெருகிற்று. நுளம்பு எளிதிற் பெருகாத குளிர்ந்த மலையுச்சியே கடைசிப் புகலிடமாயிற்று.

ஓஓவை ஆஸ்திரேலியத் தேன்பருகிகளின் உறவினம் என்றே அறிஞர் நெடுங்காலம் கருதினர். அது தனிக்குடும்பத்தைச் சேர்ந்தது என 2008 இல் மரபணு ஆய்வு நிறுவியது. அக்குடும்பத்தின் ஐந்து இனங்களும் அதற்கு முன்பே அற்றுப்போயிருந்தன. பெயரிடப்படும் முன்பே மாண்ட குடும்பம் அது!

எமது மனத்தை உறுத்தும் வினா ஒன்றுண்டு. பட்டியலில் எழுதிய பின்னரும் அப்பறவை ஏன் பிழைக்கவில்லை? பட்டியல் நோயைச் சொல்லும், மருந்தாகாது. குவாம் தீவின் பறக்கவியலாத கானாங்கோழியைப் பாருங்கள். வந்தேறிய பாம்பினத்தால் காட்டிலே அது அழியும் தறுவாயில், 1980களில் எஞ்சியவற்றைப் பிடித்து வளர்த்தனர். பாம்பில்லாத அயற்றீவுகளில் விடுவித்தனர். 2019 இல் அதன் நிலை ‘காட்டில் அற்றுப்போனது’ என்பதிலிருந்து ‘மிக அருகியது’ என்று மாற்றப்பட்டது. உரிய காலத்திற் செய்த உழைப்பே அம்மாற்றத்தை எழுதிற்று.

கவாயில் அகிகிகி என்னும் சிறு பறவை இன்று அதே நோயால் ஒருசில உயிர்களாகச் சுருங்கிவிட்டது. வெப்பம் ஏற ஏற நுளம்பும் மலையேறுகின்றது. காட்டுப் பெண் நுளம்புகளின் முட்டைகள் பொரியாதபடி செய்யும் ஆண் நுளம்புகளை 2023 முதல் மௌயித் தீவில் விடுவித்து வருகின்றனர். முயற்சி வெல்லுமோ என்பதைக் காலமே சொல்லும். எனினும், குரல் கேட்கும்போதே தொடங்கிய முயற்சி அது.

‘அற்றுப்போனது’ என்ற சொல்லை எழுதுவதற்கு எவர் உழைப்பும் வேண்டியதில்லை. ‘அருகியது’ என்ற சொல்லே உழைப்பைக் கேட்கின்றது. மறைந்த பறவையின் கதையை மாணவருக்குக் கூறும் ஆசிரியர்கள், இன்னும் மறையாதவற்றின் பெயர்களையும் சேர்த்துக் கூறுவார்களாக. இரங்கற்பாவிலும் பயனுடையது அதுவே என்பது எமது துணிபு.