பழைய பொத்தான் ஒன்று போதும்!



வீட்டில் அம்மாவோ பாட்டியோ ஊசி, நூல் போட்டு வைத்திருக்கும் டப்பாவைத் திறந்து பார்த்திருக்கிறீர்களா? அநேகமாக அது ஒரு காலத்தில் பிஸ்கட் வந்த டப்பாவாக இருக்கும். ஆசையாகத் திறந்து ஏமாந்து போனவர்கள் நம்மில் நிறைய பேர்! இந்த முறை ஏமாற மாட்டீர்கள். அடியில் கிடக்கும் பொத்தான்களில் பெரியதாக ஒன்றை, கேட்டுவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு மீட்டர் நீளத்துக்குக் கெட்டியான நூல் வேண்டும். அதைப் பொத்தானின் ஒரு துளையில் விட்டு, அடுத்த துளை வழியாகத் திருப்பி எடுத்து, இரண்டு முனைகளையும் சேர்த்து முடிச்சுப் போடுங்கள். நாலு துளைப் பொத்தான் என்றால் எதிரெதிர் மூலையில் இருக்கும் துளைகளில் கோக்க வேண்டும். பொத்தானை நடுவில் நிறுத்தி, இரண்டு பக்க வளையத்திலும் விரலை மாட்டி, சுழற்றிச் சுழற்றி நூலில் முறுக்கு ஏற்றுங்கள். இப்போது கைகளை விலக்கி இழுங்கள். உடனே தளர விடுங்கள். மறுபடி இழுங்கள்... விர்ர்ர்ர்!

வரவில்லையா? முதல் தடவை யாருக்கும் சட்டென்று வந்துவிடாது. இழுக்கும்போது முறுக்கு பிரிந்து பொத்தான் சுற்றுகிறது. சுற்றிய வேகத்தில் அதுவே எதிர்ப் பக்கம் முறுக்கு ஏற்றிக் கொள்கிறது. அந்த நேரம் பார்த்து நீங்கள் நூலைத் தளர்த்திக் கொடுக்க வேண்டும். விடாப்பிடியாக இழுத்துக் கொண்டே இருந்தால் நின்றுவிடும். பொத்தான் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஆடினால், துளை நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு தப்பையும் நீங்களே கண்டுபிடிப்பீர்கள். கடையில் வாங்கிய சாவி பொம்மை நின்று போனால், உள்ளே என்ன ஆனது என்று நமக்குத் தெரியுமா?

இது சின்னப் பிள்ளை விளையாட்டுதானே என்று நினைக்காதீர்கள். மீரட்டில் பிறந்த மனு பிரகாஷ் என்ற விஞ்ஞானி, அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இருக்கிறார். ரத்தத்தைச் சோதிக்க, அதை வேகமாகச் சுற்றிப் பிரித்தெடுக்கும் சென்ட்ரிஃபியூஜ் என்ற இயந்திரம் தேவை. உகாண்டாவில் ஒரு சுகாதார நிலையத்துக்கு அவர் போனபோது, அந்த விலை உயர்ந்த இயந்திரத்தைக் கதவு சாத்திக் கொள்ளாமல் இருக்க முட்டுக் கொடுத்து வைத்திருந்தார்களாம். அங்கே மின்சாரமே இல்லை! மின்சாரம் இல்லாமல் எதைக் கொண்டு சுற்றுவது? அவருடைய குழு யோயோவைச் சுற்றிப் பார்த்தது, வேகம் போதவில்லை. பிறகு கையில் எடுத்தது நம் பொத்தானும் நூலும்தான்! காகித வட்டம், நூல், இரண்டு கைப்பிடி. 'பேப்பர்ஃபியூஜ்' என்று பெயர் வைத்து 2017ல் அறிவித்தார்கள். நிமிடத்துக்கு 1,25,000 சுற்று வரை போகிறது; ஒன்றரை நிமிடத்தில் ரத்தத்திலிருந்து பிளாஸ்மாவைப் பிரித்து விடுகிறது. செலவு, அமெரிக்கக் காசில் 20 சென்ட்!

பள்ளியில் 'புராஜெக்ட்' கொடுத்தால், பலர் நேராக ஸ்டேஷனரி கடைக்கு ஓடுகிறார்கள். தெர்மோகோலில் செய்து, பெயின்ட் அடித்த மாடல் தயாராக இருக்கிறது. பெயரை எழுதி ஒட்ட வேண்டியதுதான் பாக்கி. மதிப்பெண்ணும் கிடைத்து விடுகிறது. பக்கத்தில் ஒரு பையன் அட்டைப் பெட்டியும் பழைய செருப்புச் சக்கரமுமாகக் கோணல்மாணலாக ஒரு வண்டி செய்து கொண்டு வந்து, கூச்சத்தோடு பின்னால் நிற்பான். ஆசிரியர்களே, அந்தக் கோணல் வண்டியை முன்னால் வைக்கச் சொல்லுங்கள். அதை ஓட்டிக் காட்டவும் சொல்லுங்கள்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளைக்கு வரவில்லை என்று கையிலிருந்து பிடுங்கி நீங்களே செய்து கொடுத்து விடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, நீங்களும் இன்னொன்று செய்யுங்கள். யாருடையது அதிக நேரம் சுற்றுகிறது என்று பார்த்து விடலாம்!

சுற்றும்போது முகத்துக்கும் தலைமுடிக்கும் தள்ளியே பிடியுங்கள், குட்டீஸ். சோடா மூடியைத் தட்டித் தகடாக்கிச் செய்வதை இப்போதைக்கு விட்டு விடுங்கள். ஓரம் கையைக் கிழித்து விடும். தவழும் தம்பி, தங்கை வீட்டில் இருந்தால், மீதிப் பொத்தான்களை மறக்காமல் டப்பாவில் போட்டு மூடி வையுங்கள்.

அப்புறம் ஒன்று. அப்பாவின் புதுச் சட்டையில் இருப்பது பழைய பொத்தான் கணக்கில் வராது!