சுனாமி வராத கரையிலிருந்து ஒரு வேண்டுகோள்

கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மல்லிப்பட்டினம், சேதுபாவாசத்திரம் பக்கத்துக் கரையோர மக்கள் நாங்கள். கடலிலிருந்து தள்ளி உள்நாட்டில் இருந்தாலும் எங்கள் ஒன்றியங்களிலேயே வாழும் உங்களிடம் ஒன்று கேட்க வந்திருக்கிறோம். சுனாமி முன்னேற்பாட்டுக்கு ஆண்டுதோறும் ஒரு சிறு தொகை ஒதுக்க வேண்டும். அதற்குக் கிராம சபையில் உங்கள் ஆதரவு வேண்டும்.

"உங்க பக்கம் சுனாமி எங்கே வந்துச்சு?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். 2004 டிசம்பர் 26 அன்று எங்களுக்குக் குறுக்கே நின்று அடியை வாங்கியது இலங்கை. அங்கே 30,000 பேருக்கு மேல் மாண்டார்கள். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 உயிர் போயிற்று. பெண் கடல் என்று நாங்கள் சொல்லும் இந்த ஆழமில்லாத பாக் விரிகுடாவில் சேதம் மிகக் குறைவு. ஆபத்து குறைந்த கரைதான் இது. பயங்காட்டிப் பணம் கேட்க நாங்கள் வரவில்லை.

ஆனால் நாகப்பட்டினத்தின் கதையையும் கொஞ்சம் பாருங்கள். 1881 டிசம்பர் 31 அன்று கார் நிக்கோபார் அருகே பெரிய நிலநடுக்கம். அதில் கிளம்பிய அலை நாகையின் அலைமானியில் ஒரு மீட்டரைச் சற்றுத் தாண்டிப் பதிவானதோடு சரி. பிறகு அது யார் நினைவிலும் இல்லை. 2004 கிறிஸ்துமஸ் இரவுவரை நாகையும் பயமில்லாத ஊராகத்தான் இருந்தது. கேரளத்து ஆலப்பாடு இருப்பதோ அரபிக்கடல் பக்கம். இலங்கையைச் சுற்றி, குமரிமுனையைச் சுற்றி வளைந்துபோய் அங்கேயும் அடித்தது 2004 அலை. அந்த மாநிலத்தில் இறந்தவர்கள் 170 பேர் அளவில்.

எங்கள் கரைக்கே உரிய சிக்கல் வேறொன்று. கடல் உள்வாங்கினால் மேட்டுக்கு ஓடு என்று எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்கிறார்கள். எங்கள் கடலோ காற்று மாறும்போதெல்லாம் உள்வாங்கும். நாட்டுப்படகுகள் சேற்றில் ஒருக்களித்துத் தரைதட்டிக் கிடக்கும். பாசியும் சிப்பியும் வெளியே தெரியும். பிள்ளைகள் இறங்கி நண்டு பிடிப்பார்கள். வெளியூர்க்காரர் யாராவது படமெடுத்து, சுனாமி வரப்போகிறது என்று வாட்ஸ்அப்பில் போடுவார்; நாங்கள் சிரிப்போம். நிஜமாகவே அலை வருகிற நாளிலும் அப்படித்தான் சிரித்துக்கொண்டு நிற்போம் என்பதுதான் எங்கள் கவலை. நிலநடுக்கத்தை நம்பியும் பயனில்லை. சுமத்ராவில் நடக்கும் அதிர்வு இவ்வளவு தொலைவில் காலுக்குத் தெரியும் என்பதற்கு உறுதி கிடையாது. ஆகவே மேலிருந்து வரும் எச்சரிக்கை ஒன்றையே நம்பி இருக்கிறோம்.

அந்த எச்சரிக்கைக்குக் குறைவில்லை. ஐதராபாத்தில் 2007 முதல் இயங்கும் இந்திய சுனாமி முன்னெச்சரிக்கை மையம், பெரிய நிலநடுக்கம் நடந்த பத்து நிமிடத்துக்குள் முதல் அறிவிப்பைக் கொடுத்துவிடும். சுமத்ராவிலிருந்து அலை வந்துசேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். செய்தி மாவட்ட ஆட்சியர் அலுவலகம்வரை வந்துவிடும். கரண்ட் இல்லாத ராத்திரியில் அங்கிருந்து கடைசித் தெருவுக்கு அதைக் கொண்டுபோவது யார்? 2004இல் புதுச்சேரி அருகே நல்லவாட்டில், சிங்கப்பூரில் வேலை பார்த்த ஊர்க்காரர் ஒருவர் தொலைக்காட்சியில் செய்தி பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் செய்தார். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்த தகவல் மையத்தின் ஒலிபெருக்கி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அதில் சொன்னார்கள், ஊர் தப்பியது.

நாங்கள் கேட்பதும் அந்த அளவுதான். பள்ளிவாசல், கோயில், மாதா கோயில் ஒலிபெருக்கிகளுக்கு பேட்டரி. எந்தத் தெரு வழியாக எந்த மேட்டுக்குப் போவது என்று காட்டும் பலகைகள். ஆண்டுக்கு ஒரு ஒத்திகை. அன்று கடலுக்குப் போகாதவர்களுக்கு ஒருநாள் படி. புயல் காப்பகத்து ஜெனரேட்டருக்கு டீசலும் பராமரிப்பும். கடல் சுவர் வேண்டாம். உயரமான சைரன் கோபுரமும் வேண்டாம். திறப்பு விழாவுக்கு மறுநாளே துருப்பிடிக்கத் தொடங்கும் சாமான்களை நிறையப் பார்த்தாயிற்று. நாகைக்கும் கடலூருக்கும் போகும் பணத்தில் ஒரு ரூபாய்கூட எங்களுக்கு வேண்டாம். ஒடிசாவில் வெங்கடராய்ப்பூர், நோலியாசாஹி என்ற இரண்டு கிராமங்கள் 2020இல் யுனெஸ்கோவின் சுனாமித் தயார்நிலை அங்கீகாரம் பெற்றன. அதற்கு வேண்டிய ஏற்பாடுகள் வரைபடம், வழி, பயிற்சி, எச்சரிக்கையைப் பரப்பும் முறை என்று பெரும்பாலும் இந்த வகைதான்.

இதில் உங்களுக்கும் பங்குண்டு. 2018 நவம்பரில் கஜா புயல் உங்கள் தென்னந்தோப்புகளைச் சாய்த்துப் போட்டபோது, கரண்டும் செல்போனும் இல்லாமல் நீங்களும்தான் இருட்டில் கிடந்தீர்கள். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்தது சுனாமி அல்ல, புயலும் அது தள்ளிவந்த கடலும். இந்தக் கரைக்குப் புயல் நிச்சயம் வரும். அதற்கும் இதே ஒலிபெருக்கி, இதே காப்பகம், இதே வழிதான்.

ஊராட்சி நிதியிலிருந்து ஒரு பகுதி, சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதியிலிருந்து ஒரு பகுதி என்று கேட்கிறோம். வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் இருந்து ஊர்த் திருவிழாவுக்கும் பள்ளிவாசலுக்கும் தாராளமாக அனுப்பும் உறவுகள் ஆளுக்கொரு பேட்டரி வாங்கித் தந்தால் பாதி வேலை முடியும்.

நவம்பர் 1 கிராம சபையில் தீர்மானத்தை வைக்கப்போகிறோம். வாசகம் அரைப் பக்கம்தான். முன்கூட்டியே வாங்கிப் படியுங்கள். தொகை அதிகம் என்று பட்டால் சபையில் சொல்லுங்கள், குறைத்துக்கொள்கிறோம். கூட்டத்துக்கு மட்டும் வராமல் இருந்துவிடாதீர்கள்.