கிணறும் வழக்கும்

புத்தூரிற் பிறந்தார்க்குத் தண்ணீரின் அருமையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆறில்லாத நாடு நமது குடாநாடு. மாரியிற் பெய்யும் மழை சுண்ணக்கற் பாறையின் வெடிப்புக்களிற் கசிந்து தங்க, அதனையே ஆண்டு முழுவதும் இறைத்து வாழ்கின்றோம். நிலாவரைக் கேணியில் மேனீர் நன்னீராயிருக்க அடிநீர் உவர்ப்பதை நாமெல்லாம் அறிவோம். இத்தகைய நிலத்தில் ஓரிடத்தே சேர்ந்த நஞ்சு அவ்விடத்தே நில்லாது.

ஆதலாற் சுன்னாகத்து மின்நிலையத்தை அண்டிய கிணறுகளில் எண்ணெய் கலந்த செய்தி நமக்கு அயலூர்ச் செய்தியன்று. மக்கள் வீதியில் இறங்கினர், உண்ணாவிரதமும் இருந்தனர். எனினும் கம்பனியைப் பணம் கொடுக்கச் செய்தது வழக்கே. சூழல், இயற்கை ஆய்வு நிலையமொன்றின் தலைவரான ரவீந்திர காரியவசம் என்னும் தென்னிலங்கையர் 2015இல் உயர் நீதிமன்றில் அடிப்படை உரிமை மனுவொன்றைத் தாக்கல் செய்தார். நம்மவர் கிணற்றுக்காக அவர் வழக்காடியதை நாம் நன்றியுடன் நினைத்தல் வேண்டும். 2019 ஏப்ரல் 4ஆந் திகதி நீதியரசர் பிரசன்ன ஜயவர்தன எழுதிய தீர்ப்பு, மாசுபடுத்தியவரே ஈடுசெய்தல் வேண்டுமென விதித்தது. நொதேர்ண் பவர் கம்பனி 2 கோடி ரூபா செலுத்தப் பணிக்கப்பட்டது. மேற்பார்வை செய்யவேண்டிய அரச நிறுவனங்களும் கண்டனத்துக்குத் தப்பவில்லை.

வழக்குக்கு அஞ்சி முதலீட்டாளர் வாராதொழிவரென்பார் உளர். நீரைக் கெடுத்தாலன்றி நடவாத தொழில் வாராதிருப்பதே நன்று. பணம் சிறிதென்பாரை மறுக்கமாட்டோம். நீதிமன்றமே அதனை இழப்பின் ஒரு பகுதிக்கு மாத்திரம் ஈடென்றது. பெரிய பயன் வேறு. 2000ஆம் ஆண்டில் எப்பாவலைப் பொசுபேற்று வழக்கில் ஊர்மக்கள் பெற்ற தீர்ப்பு, இயற்கை வளத்துக்கு அரசு காவலாளியே என்றது. அந்நெறி இப்பொழுது நம் நிலத்தடி நீருக்கும் வந்துவிட்டது.

ஆயினும் வழக்கு சான்றின்றி நில்லாது. எண்ணெய் இல்லையென்று வட மாகாண சபை அமைத்த நிபுணர் குழு கூற, உண்டென்றன நீர் வழங்கல் சபையின் சோதனைகள். கம்பனி வருமுன் அக்கிணறுகள் இருந்த நிலையைக் காட்ட ஊரார் கையில் யாதொரு குறிப்புமிருந்ததில்லை. (நம் தோட்டங்களிற் கொட்டும் யூரியாவும் அதே நீரிற்றான் சேர்கின்றது, அதற்கு எக்கம்பனிமேல் வழக்குரைப்பது?)

யூபிலி நிதியில் ஒரு பங்கைக் கிணற்றுப் பதிவேட்டுக்கு ஒதுக்குமாறு பழைய மாணவரைக் கேட்கின்றோம். மாரிக்கு முன்னொரு முறையும் பின்னொரு முறையும் ஊர்க் கிணறுகளின் உவர், நைத்திரேற்று, எண்ணெய் ஆகியவற்றை அளந்து, திகதியிட்டு எழுதுதல் வேண்டும். உவரை அளக்கக் கல்லூரி ஆய்வுகூடமே போதும். எண்ணெய்ச் சோதனைக்குப் பல்கலைக்கழகத்தை நாடலாம்.