உயரவேண்டியது வண்டியா, பாதையா?

ஹட்டன் பக்கம் டபள் கெப் வைத்திருக்கும் இளைஞர்களிடையே ஒரு பழக்கம் தொற்றியிருக்கிறது. தொழிற்சாலையிலிருந்து வந்த உயரத்திலேயே நிற்கும் வண்டி அவர்களுக்கு வண்டியாகத் தெரிவதில்லை. முன்பக்கத்தை மூன்று அங்குலம் தூக்கவேண்டுமாம், 33 அங்குல டயர் பூட்டவேண்டுமாம். வார இறுதியில் கொழும்பிலிருந்து மலையேறி வரும் செல்வந்தரின் வண்டிகளைப் பார்த்துப் பிடித்த ஆசை இது. ஏன் என்று கேட்டால், "தோட்டத்து ரோட்டுக்கு இது இல்லாம முடியாது" என்று ஒரு நியாயம் தயாராக இருக்கிறது. அந்த நியாயம் பொய் என்பதுதான் என் கட்சி.

என் தம்பியின் மகனும் அதே நியாயத்தைத்தான் சொன்னான். அவனிடம் இருப்பது இருபது ஆண்டு பழைய ஜப்பானிய வண்டி. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இல்தான் மீண்டும் திறக்கப்பட்டது என்பதால், அந்த ஐந்து ஆண்டுகளில் பழையதைப் பராமரிப்பதைத் தவிர அவனுக்கு வழியிருக்கவில்லை. அதில் குறை காணமாட்டேன். ஆனால் பராமரித்தவன் அத்தோடு நிற்காமல் அதை உயர்த்தவும் செய்தான். ஒரு கராஜில் அரை நாளில் வேலை முடிந்துவிட்டதாகப் பெருமையோடு சொன்னான். அரை நாளில் முடிந்தபோதே நான் சந்தேகப்பட்டிருக்கவேண்டும்.

நான்கு மாதங்களின் பின், நோர்வூட்டுக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் உறவினர் ஒருவரின் கருமாதிக்குச் சென்று திரும்பிக்கொண்டிருந்தோம். நான் முன் இருக்கையில் இருந்தேன். பின்தட்டில் ஆறு பெண்கள், அவர்களில் ஒருவர் கைக்குழந்தையோடு. லயன்களுக்குக் கீழே உள்ள வளைவில் ஒரு குழிக்குள் இறங்கி ஏறியபோது இடது முன்சக்கரம் வெளிப்புறமாக மடிந்து விழுந்தது. அச்சாணி முறிந்த மாட்டு வண்டி போல வண்டி மூக்குக் குத்தி நின்றது. மெதுவாகச் சென்றதாலும், பள்ளத்துப் பக்கம் சாயாமல் தேயிலைச் செடிகளின் பக்கம் சாய்ந்ததாலும் இதை எழுத நான் இருக்கிறேன். சக்கரத்தை மேல் கையோடு இணைக்கும் போல் ஜொயின்ட் தன் குழியைவிட்டுக் கழன்றிருந்தது.

ஏன் கழன்றது? இதை விளங்கிக்கொள்ள மெக்கானிக்காக இருக்கவேண்டியதில்லை. நான் கலைப்பட்டதாரி, எனக்கே விளங்கியது.

நான் சிறுவனாக இருந்தபோது துரையின் லேண்ட் ரோவரில் முன்சக்கரங்கள் இரண்டும் ஒரே இரும்பு அச்சில் பூட்டப்பட்டிருந்தன. இரும்புப் பட்டைகளை அடுக்கிய ஸ்பிரிங்கின் மீது வண்டியின் உடல் அமர்ந்திருக்கும். உடலை உயர்த்தினாலும் அச்சும் சக்கரமும் தமக்குள் நேராகவே நிற்கும். இன்றைய டபள் கெப்களில் முன்சக்கரங்கள் தனித்தனியே ஏறி இறங்குகின்றன. ஒவ்வொன்றையும் மேலும் கீழுமாக இரண்டு இரும்புக் கைகள் பிடித்திருக்கும். எஞ்சினின் விசையைச் சக்கரத்துக்குக் கொண்டுசெல்லும் தண்டின் இரு முனைகளிலும், வளைந்தபடியே சுழலக்கூடிய சீ.வி. ஜொயின்ட் உண்டு. தார் வீதியில் சொகுசாக ஓடவும் வளைவில் பிடிமானம் கிடைக்கவும் செய்யப்பட்ட ஏற்பாடு இது. இதில் ஒவ்வொரு உறுப்பின் கோணமும் கணக்கிட்டு வைக்கப்பட்டது.

பழைய ஹைலக்ஸ், பஜேரோ போன்றவற்றில் முன்பாரத்தைத் தாங்குவது டோர்ஷன் பார் எனப்படும் முறுக்குத் தண்டு. அதன் முனையிலுள்ள போல்ட்டை இறுக்கினால் முன்பக்கம் உயரும். அரை நாள் வேலை என்பது இதுதான். போல்ட்டை இறுக்குவதால் தண்டு வலுப்பெறுவதில்லை. சக்கரம் மேலும் கீழும் அசையக்கூடிய மொத்தத் தூரமும் கூடுவதில்லை. கீழே இறங்குவதற்கென்று விடப்பட்டிருந்த தூரத்தைத் திருடி, அதையே உயரம் என்று காட்டுகிறார்கள். குழி வந்தால் சக்கரத்துக்கு இறங்க இடமில்லை; மேல் கை தடுப்பில் மோதுகிறது, போல் ஜொயின்ட் தன் எல்லையில் நின்று இழுபடுகிறது. சீ.வி. ஜொயின்ட் இயல்புக்கு மீறி வளைந்து சுழல்வதால் அதன் றப்பர் உறை கிழிகிறது. கிழிந்த உறைக்குள் எங்கள் மலைச்சேறு புகுந்தால் அதன் ஆயுள் எத்தனை நாள் என்று சொல்லவேண்டியதில்லை. புதிய வண்டிகளின் சுருள் ஸ்பிரிங்கிற்கு மேல் ஒரு வளையத்தை வைத்து உயர்த்துவதும் இதே கதைதான். கைகளையும் டிபரன்ஷலையும் சேர்த்துக் கீழிறக்கிக் கோணங்களைக் காப்பாற்றும் முறையான ஏற்பாடுகள் இருக்கின்றன. அவற்றின் விலையைக் கேட்டால் நம் இளைஞர்கள் போல்ட்டை இறுக்கவே ஓடுவார்கள்.

இத்தனையும் செய்து கிடைப்பது என்ன? 265/70 ஆர் 16 டயரின் விட்டம் ஏறத்தாழ 30.6 அங்குலம். 33 அங்குல டயர் பூட்டினால் அச்சு உயர்வது அதில் பாதி, அதாவது ஒன்றேகால் அங்குலத்துக்கும் குறைவு. பாதையின் நடுக்கல்லில் முதலில் இடிபடும் பின் டிபரன்ஷலுக்குக் கிடைப்பது அவ்வளவுதான். முன்பக்கத்தை எவ்வளவு தூக்கினாலும் பின் டிபரன்ஷல் ஒரு நூலளவும் உயராது. தோட்டத்துப் பாதைக்காகச் செய்ததாகச் சொல்லும் வேலையில், தோட்டத்துப் பாதைக்குப் பயன்படுவது ஒன்றேகால் அங்குலம்!

இழப்போ பெரிது. டயர் நூற்றுக்கு எட்டுப் பங்கு பெருத்தால் வேகமானி அந்த அளவு பொய் சொல்லும். 50 என்று காட்டும்போது வண்டி 54இல் ஓடும். அதே பிரேக் முன்னைவிடப் பெரிய, பாரமான சக்கரத்தை நிறுத்தவேண்டும். கியர் விகிதம் மாறுவதால் இறக்கத்தில் எஞ்சின் வண்டியைப் பிடித்திழுக்கும் சக்தியும் குறையும். சமவெளிக்காரர்களுக்கு இது அற்பமாகத் தோன்றலாம். 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவிலிருந்து ரம்பொடை வழியாக இறங்கியவர்களுக்கு அப்படித் தோன்றாது. 2023 ஜனவரி 20ஆம் திகதி நானுஓயா, ரதெல்ல குறுக்குப் பாதையில் பாடசாலை மாணவர்களை ஏற்றிவந்த பஸ் ஒரு வேனிலும் முச்சக்கர வண்டியிலும் மோதி 7 பேர் மாண்டனர். 2025 மே 11ஆம் திகதி கொத்மலை, கெரண்டிஎல்லவில் பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டோர் பலியாகினர். அவை எதுவும் உயர்த்தப்பட்ட வண்டிகள் அல்ல. இந்தச் சரிவுகள் இயல்பான வண்டியையே மன்னிப்பதில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

இன்னொன்றும் உண்டு; எனக்கு அதுவே பெரிதாகப் படுகிறது. எங்கள் பாதைகளில் நடைபாதை கிடையாது. காலை ஏழு மணிக்குப் பிள்ளைகள் பனிமூட்டத்தில் வீதியோரமாகப் பாடசாலைக்கு நடக்கிறார்கள். மூக்கு உயர்ந்த வண்டியின் சாரதிக்கு முன்னால் நிற்கும் முதலாம் வகுப்புப் பிள்ளை தெரியாது. விளக்கின் ஒளியும் மேல்நோக்கித் திரும்பி எதிரே வருபவரின் கண்ணைக் குருடாக்கும். அவுஸ்திரேலியாவில் வாழும் வாசகர்கள் அறிவார்கள்: அங்கே குறிப்பிட்ட அளவுக்குமேல் உயர்த்தினால் பொறியியலாளரின் சான்றிதழ் வேண்டும். இங்கே 2025 ஜனவரியில் பஸ்களிலும் முச்சக்கர வண்டிகளிலும் இருந்த அலங்காரங்களைப் பொலிஸார் கழற்றத் தொடங்கினார்கள். முச்சக்கர வண்டிக்காரரின் பூமாலையைவிட இறுக்கப்பட்ட டோர்ஷன் பார் ஆபத்தானது. ஆனால் அதைக் காண வண்டிக்கு அடியில் குனியவேண்டும்.

கராஜ்காரரிடம் கேட்டபோது, "வேலையில பிழையில்ல ஐயா, ரோட்டுலதான் பிழை" என்றார். அப்போது கோபம் வந்தது. பிறகு யோசித்தால், மனிதர் பாதி உண்மையைச் சொல்லியிருக்கிறார்.

தோட்டத்துப் பாதைகள் ஏன் இப்படிக் கிடக்கின்றன? தோட்டங்கள் வெள்ளையரின் கம்பனிகளிடம் இருந்தன. 1972, 1975 சட்டங்களால் அரசிடம் வந்தன. 1992இல் முகாமை மீண்டும் கம்பனிகளுக்குப் போனது. கைகள் மாறினாலும் பாதை தோட்டத்தின் சொந்தப் பாதையாகவே இருந்தது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டங்களுக்குள் சபைப் பணத்தைச் செலவிடத் தடையாக நின்றது. வாக்குக் கேட்கத் தோட்டத்துக்குள் வரலாம், கல் பதிக்க வரக்கூடாது! முப்பது ஆண்டுகள் கழித்து, 2018இல்தான் அது திருத்தப்பட்டது. தடை நீங்கியும் நான் போய்வரும் பாதைகளில் மாற்றம் காணவில்லை. கேட்டால் சபை கம்பனியைக் காட்டுகிறது, கம்பனி சபையைக் காட்டுகிறது.

டபள் கெப்பை உயர்த்த வசதியுள்ளவன் தனக்கு மட்டும் ஒரு தீர்வைத் தேடிக்கொள்கிறான். பிரசவ வேதனையில் கொழுந்து லொறியில் ஏற்றப்படும் பெண்ணுக்கு எதை உயர்த்துவது? பொழுதுபோக்குக்காகக் காட்டுப்பாதையில் ஓடுபவர்களோடு எனக்குச் சண்டையில்லை. அவர்களுடைய பணம், அவர்களுடைய எலும்பு. பின்தட்டில் ஆறு பெண்களை ஏற்றும் வண்டியில் அந்த விளையாட்டு வேண்டாம். தோட்டத்து மக்களின் கஷ்டத்தை அதற்குச் சாட்சியாகவும் கூப்பிடவேண்டாம்.

"நீங்க சொல்றது சரிதான் பெரியப்பா, ஆனா ரோட்டை நான் எப்படி உயர்த்துறது?" என்று கேட்டான் தம்பியின் மகன். கேள்வி நியாயமானது. போல்ட்டைத் தளர்த்திப் பழைய உயரத்துக்கே கொண்டுவந்து, பழைய அளவு டயரையும் பூட்டிவிட்டான்.

சென்ற மாதம் அவனோடு அதே வளைவில் இறங்கி நின்று பார்த்தேன். மேற்புறத்துக் கான் மண் நிரம்பி அடைபட்டிருக்கிறது. மழைநீர் பாதையின் குறுக்கே பாய்ந்து அந்தக் குழியைத் தோண்டுகிறது. முன்பெல்லாம் கான் வெட்டுக்கென்று தோட்டத்தில் தனியாக ஆள் போடுவார்கள். இரண்டு பேர் இரண்டு நாள் மண்வெட்டி பிடித்தால் போதும். 2025 மே மாதத் தேர்தலில் தெரிவான பிரதேச சபை உறுப்பினர்கள் எவரேனும் இதைப் படித்தால் எனக்கு எழுதுங்கள். வளைவு எதுவென்று நேரில் வந்து காட்டுகிறேன். வரும்போது உங்கள் உயரமான வண்டியைக் கீழே பிரதான வீதியில் நிறுத்திவிட்டு, லயன்வரை நடந்து வாருங்கள்.