பழுது பார்த்த பிறகும் ஊளையிடும் லாரி!

பட்டறையில் நான்கு நாள் கிடந்த லாரி வெளியே வருகிறது. பின் அச்சைக் கழற்றிப் பழுது பார்த்தாகிவிட்டது. பணமும் கொடுத்தாகிவிட்டது. ஊர் எல்லையைத் தாண்டி வேகம் எடுத்ததும், பின்னாலிருந்து "ஊய்ங்..." என்று ஒரு சத்தம்! டிரைவர் திரும்பி வந்து கேட்கிறார். "புதுப் பல் அல்லவா? ஓட ஓடச் சரியாகிவிடும்" என்று பதில் வருகிறது.

சரியாகுமா?

ஆகாது. இந்தப் பதிலை லாரிக்காரர்கள் ஏற்றுக்கொள்ளவே கூடாது என்பது என் கருத்து. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கத்தில் ஒரே ஒரு லாரியை நம்பிச் சாப்பிடும் குடும்பங்கள் எத்தனையோ உண்டு. கோளாறான பல்லோடு பாரம் ஏற்றிப் போனால் ஒருநாள் பல் உடையும். வண்டி நடுவழியில் நிற்கும். கடன் தவணை நிற்குமா?

கூட்டுக்குள் என்ன இருக்கிறது?

பின் அச்சின் நடுவில் பானை போல உப்பிய ஓர் இரும்புக் கூட்டைப் பார்த்திருப்பீர்கள். அதற்குள் இருப்பதுதான் டிபரன்ஷியல். கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. ஒவ்வொரு வளைவிலும் வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும். உள்பக்கச் சக்கரம் குறைந்த தூரம் ஓட வேண்டும். இரண்டையும் அதனதன் வேகத்தில் சுழல விடுவது இந்த டிபரன்ஷியல்தான்.

என்ஜின் சக்தியைப் பின்னால் கொண்டு வரும் நீண்ட தண்டின் முனையில் 'பினியன்' என்ற சின்னப் பல் சக்கரம் இருக்கிறது. அது 'கிரௌன்' என்ற பெரிய பல் சக்கரத்தைச் சுற்றுகிறது. இந்த இரண்டும் ஜோடியாகவே பிறந்தவை. தொழிற்சாலையிலேயே ஒன்றோடு ஒன்று சேர்த்து ஓடவிட்டு, ஜோடி எண் பொறித்து அனுப்புகிறார்கள். ஒன்று கெட்டால் இரண்டையும் மாற்ற வேண்டும். "பினியனை மட்டும் போடு, கிரௌன் நன்றாகத்தானே இருக்கிறது?" என்று மிச்சம் பிடிக்கும் முதலாளிகள் உண்டு. அப்படிச் சொன்னவர், பிறகு சத்தம் வருகிறதே என்று மெக்கானிக்கைத் திட்டுவதில் நியாயம் இல்லை!

பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி மிகவும் சிறியது. ஒரு மில்லிமீட்டரில் கால் பங்கு என்று வைத்துக் கொள்ளலாம். 'ஷிம்' என்ற மெல்லிய தகடுகளை வைத்து இதைச் சரிக்கட்டுவார்கள். பல்லில் வண்ணம் தடவிச் சுற்றிப் பார்த்தால், எந்த இடத்தில் பல் படுகிறது என்று தெரிந்துவிடும். பல்லின் நடுப்பாகத்தில் பட வேண்டும். நுனியிலோ அடியிலோ பட்டால் ஊளைதான். கண்ணளவில் வைத்து மூடிவிட்டால் எந்தக் கைராசியும் காப்பாற்றாது.

எப்போது சத்தம்?

மறுபடி கூட்டைத் திறக்க அவசரப்பட வேண்டாம். முதலில் காதைத் தீட்டிக் கொள்ளுங்கள்.

ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது ஊளை வந்தால், பல் படும் இடத்தைச் சந்தேகிக்கலாம். காலை எடுத்ததும் வந்தால், பல்லின் மறுபக்கம் சரியாகப் படவில்லை அல்லது பினியன் பேரிங் தளர்ந்திருக்கிறது. மிதித்தாலும் விட்டாலும் மாறாமல் 'கொர கொர' என்று கேட்டால் பேரிங்கைப் பாருங்கள். பல லாரிகளில் சக்கரம் ஒருமுறை சுற்றுவதற்குள் பினியன் ஐந்தாறு முறை சுற்றிவிடுகிறது. அதனால் பினியன் பேரிங் சத்தம் கீச்சென்றும், சக்கரப் பேரிங் சத்தம் கனத்தும் இருக்கும். வளைவில் மட்டும் சத்தமா? டிபரன்ஷியலுக்குள் இருக்கும் ஸ்டார் பினியன், சன் பினியன் தேய்ந்திருக்கலாம்.

டயரும் ஏமாற்றும்! தார் ரோட்டிலிருந்து சிமெண்ட் ரோட்டுக்குப் போனதும் சத்தம் மாறினால், குற்றவாளி டயர்தான். பாவம், டிபரன்ஷியல் மேல் பழி!

இன்னொன்று. பழுது பார்க்கும்போது அந்த நீண்ட தண்டைக் கழற்றியிருப்பார்கள். தண்டின் இரு முனைகளிலும் உள்ள கவைகள் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். கழற்றும் முன் அடையாளம் போடாமல் மாற்றி மாட்டினால் வண்டி அதிரும். இதைச் சரி செய்யப் பெரிய செலவே இல்லை. ஆனால் இதைப் பார்க்காமல் டிபரன்ஷியலைத் திறந்தால் வீண் செலவுதான்.

கெட்டி எண்ணெய் ஊற்றிச் சத்தத்தை அமுக்குவது சுத்த ஏமாற்று வேலை. அந்தக் காலத்தில் மரத்தூளைப் போட்டு வண்டியை விற்ற கில்லாடிகள்கூட இருந்தார்கள்! கம்பெனி சொன்ன எண்ணெயைச் சொன்ன அளவுக்கு ஊற்ற வேண்டும். வடித்துப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் மை போன்ற பொடி இருந்தால் பயமில்லை. இரும்புச் சில்லு இருந்தால் வண்டியை அங்கேயே நிறுத்துங்கள்.

காலி வண்டியில் அடங்கியிருக்கும் சத்தம் பாரம் ஏற்றியதும் வெளியே வரும். ஆகவே பணத்தில் ஒரு பகுதியை நிறுத்தி வையுங்கள். இதை முன்கூட்டியே மெக்கானிக்கிடம் சொல்லிவிடுங்கள். பாரம் ஏற்றி, அவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஓட்டிப் பாருங்கள். எந்த வேகத்தில் வருகிறது, எந்தக் கியரில் வருகிறது, மிதித்தபோதா, விட்டபோதா? மூன்றையும் ஒரு தாளில் எழுதி அவர் கையில் கொடுங்கள். கூட்டைத் திறப்பது அதற்குப் பிறகு.