‘ஜேட்’ என்பது ஒரு கல்லின் பெயர் அன்று

அருங்காட்சியகப் பேழைகளிலும் ஏலப் பட்டியல்களிலும் ‘ஜேட்’ என்னும் ஒற்றைச் சொல் பல கற்களை மறைத்து நிற்கிறது. தமிழில் அதைப் ‘பச்சைக்கல்’ என்று பெயர்த்துவிட்டால் குழப்பம் இரட்டிப்பாகிறது. முகலாயர் காலத்து ஜேட் பொருள்களுள் மிகவும் போற்றப்படுவது, ஷாஜகானுக்காக 1657-இல் செய்யப்பட்டு இன்று லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கும் மதுக்கிண்ணம். அடியில் தாமரை இதழ்கள் விரிய, கைப்பிடி ஆட்டுத்தலையாக முடியும் அக்கிண்ணம் தூய வெண்ணிறம் கொண்டது. வெள்ளைக் கிண்ணத்தைப் பச்சைக்கல் என்று அழைக்க நேர்வது மொழிபெயர்ப்பின் பிழை மட்டும் அன்று. பெயரையே பொருளாகக் கொள்ளும் பழக்கத்தின் விளைவு.

பெயரின் வரலாறே இதற்குச் சான்று. 16-ஆம் நூற்றாண்டில் நடு அமெரிக்காவிலிருந்து திரும்பிய ஸ்பானியர், இடுப்பு நோவைத் தீர்க்கும் என்று நம்பப்பட்ட ஒரு கல்லைப் ‘பியெத்ரா தெ இஹாதா’, அதாவது ‘விலாப்புறக் கல்’, என்றனர். அதன் பிற்பகுதி பிரெஞ்சில் திரிந்து ‘ஜேட்’ ஆயிற்று. அதே ஸ்பானியத் தொடரை இலத்தீனில் பெயர்த்தபோது ‘சிறுநீரகக் கல்’ என்னும் பொருளில் ‘லாபிஸ் நெஃப்ரிட்டிகஸ்’ பிறந்தது. அதிலிருந்து ‘நெஃப்ரைட்’ வந்தது. ஒரே தொடரின் இரு வடிவங்கள் இவை. பிரெஞ்சு வேதியியலாளர் அலெக்சிஸ் தமூர் 1846-இல் ஒரு வகையையும் 1863-இல் மற்றொரு வகையையும் பகுத்தாய்ந்து, இரண்டும் வெவ்வேறு கனிமங்கள் என்று நிறுவினார். இரண்டாவதற்கு ‘ஜேடைட்’ என்று அவரே பெயரிட்டார். ஆக, 1863-க்கு முன் எழுதப்பட்ட எந்த ஆவணத்தில் ‘ஜேட்’ என்றிருந்தாலும், அது எந்தக் கனிமம் என்பதற்கு அச்சொல் சான்றாகாது.

இரண்டுக்கும் உள்ள வேறுபாடு சிறியது அன்று. நெஃப்ரைட் என்பது கால்சியமும் மக்னீசியமும் கொண்ட சிலிக்கேட். மெல்லிய இழைகள் கம்பளம்போல் பின்னிப் பிணைந்து உருவானது. ஜேடைட் சோடியமும் அலுமினியமும் கொண்டது. மணிமணியான படிகங்கள் கோத்து நிற்பது. நெஃப்ரைட்டின் மெருகு எண்ணெய் பூசியதுபோல் மங்கலாக ஒளிரும். ஜேடைட்டின் மெருகு கண்ணாடியை ஒத்தது. பழைய முறையில் மெருகிட்ட பரப்பில் ஆரஞ்சுத் தோல் போன்ற நுண்குழிகளும் தெரிவதுண்டு. கடினத்தன்மையில் ஜேடைட் சற்றே மேல். ஆனால் முறியாமல் தாங்குவதில் இழைப்பின்னல் உடைய நெஃப்ரைட்டே மேல். தாளைப் போல மெலிந்த முகலாயக் கிண்ணச் சுவர்கள் உடையாமல் நிற்பதற்கு அந்தப் பின்னலே காரணம். இரண்டையும் உளியால் செதுக்கவும் இயலாது. கடினமான மணல் தூளைக்கொண்டு தேய்த்துத் தேய்த்தே உருவாக்க வேண்டும்.

இந்த வேறுபாடு வெறும் கனிமவியல் நுணுக்கம் என்று ஒதுக்குவோர் ஒன்றைக் கவனிப்பதில்லை: கல்லின் வகை காலத்தையும் இடத்தையும் சுட்டும். முகலாயர் பயன்படுத்தியது பெரிதும் கோட்டான் பகுதியின் ஆற்றுப்படுகைகளிலிருந்து வந்த நெஃப்ரைட். அங்குள்ள யுருங்காஷ், கராகாஷ் என்னும் ஆறுகளின் பெயர்களே ‘வெண் ஜேட்’, ‘கரு ஜேட்’ என்று பொருள்படும். சீனத்திலும் புதிய கற்காலம் தொட்டுப் பல்லாயிரம் ஆண்டுகள் நெஃப்ரைட்டே ஆண்டது. பர்மாவின் வடபகுதியிலிருந்து ஜேடைட் பெருமளவில் சீனப் பட்டறைகளை அடைந்தது 18-ஆம் நூற்றாண்டில்தான். எனவே மிங் காலத்தது என்று காட்டப்படும் சிற்பம் ஜேடைட்டாக இருந்தால் முதலில் ஐயுறவேண்டியது அதன் காலத்தை. ஷாஜகான் காலத்தது என்று சொல்லப்படும் கத்திப்பிடிக்கும் இது பொருந்தும். நெஃப்ரைட்டுக்குள்ளும் பிரிவு உண்டு. கோட்டானின் வெண்கல் டோலமைட் பாறையோடு பிறந்தது. சைபீரியாவின் கரும்பச்சைக் கல் செர்பென்டைன் பாறையோடு பிறந்தது. அதில் குரோமைட்டின் கரும்புள்ளிகள் காணப்படும். ஒரு புள்ளி வாணிக வழியையே மாற்றிச் சொல்லக்கூடும்.

போலிப் பெயர்களோ இன்னும் பல. ‘புதிய ஜேட்’ என்று விற்கப்படுவது செர்பென்டைன். ‘மலேசிய ஜேட்’ சாயமேற்றிய குவார்ட்ஸ். ‘இந்திய ஜேட்’ என்று சந்தை அழைப்பதும் ஜேட் அன்று. பச்சை அபிரகத் துகள்கள் மின்னும் அவென்சுரின் குவார்ட்ஸ். நாட்டின் பெயரைத் தாங்கிய ஒரு வணிகப் பெயர், அந்நாட்டின் உண்மையான ஜேட் மரபைப் பற்றி எதையும் சொல்லாமல் இருப்பது வேடிக்கை.

வேறுபடுத்தும் வழிகள் அரியவை அல்ல. கத்தியால் கீறிப் பார்க்கும் சந்தை வழக்கம் பழம்பொருளுக்கு இழைக்கும் தீங்கு. அதை முற்றாகக் கைவிட வேண்டும். காற்றிலும் நீரிலும் நிறுத்துப் பார்ப்பது ஆர்க்கிமிடீஸ் காலத்து முறை. காற்றில் 300 கிராம் உள்ள பொருள் நீருக்குள் ஏறத்தாழ 198 கிராம் காட்டினால் நெஃப்ரைட் என்றும், 210 காட்டினால் ஜேடைட் என்றும், 185 காட்டினால் செர்பென்டைன் என்றும் கருதலாம். ஆனால் பொன் கம்பியும் மாணிக்கமும் பதித்த முகலாயப் பொருள்களில் இக்கணக்கு பொய்த்துவிடும். அவற்றை நீரில் இறக்குவதும் தகாது. அங்கே உதவுவது ராமன் நிறமாலைக் கருவி. பொருளைத் தொடாமல், துகள்கூட எடுக்காமல், சில நிமிடங்களில் கனிமத்தைச் சொல்லிவிடும். 1928-இல் கொல்கத்தாவில் சி.வி. ராமன் கண்ட விளைவே அதன் அடிப்படை. ஜேடைட்டின் துளைகளில் பிசின் ஏற்றி அழகூட்டுவது 1980-களுக்குப் பின் பரவிய வழக்கம். அகச்சிவப்பு நிறமாலையில் அப்பிசின் தெரிந்தால், அண்மைக்காலக் கை பட்ட பொருள் என்பது உறுதி.

இதற்கு எதிரான வாதம் ஒன்று மதிக்கத்தக்கது. பண்பாடுகள் கற்களைக் கனிமவியலால் வகுப்பதில்லை. சீனத்தின் ‘யூ’ என்னும் சொல் ஒரு கனிமத்தை அன்று, ஒரு மதிப்பைக் குறிக்கிறது. ஜேடைட்டுக்கு அங்கே வழங்கும் ‘ஃபெய்சுய்’ முதலில் மீன்கொத்திப் பறவையின் பெயர். நியூசிலாந்தின் மாவோரி மக்கள் ‘பவுனமு’ என்னும் சொல்லுக்குள் நெஃப்ரைட் வகைகளோடு ‘தங்கிவாய்’ என்னும் செர்பென்டைனையும் அடக்குகின்றனர். ஆயினும் ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் வைத்திருக்கின்றனர். பாங்காக்கின் மரகத புத்தர் மரகதத்தால் ஆனவர் அல்லர். ஆனால் வடமொழி ‘மரகத’த்திலிருந்து வந்த தாய்லாந்துச் சொல் அங்கே நிறத்தையும் பக்தியையும் குறித்து நிலைபெற்றுவிட்டது. அச்சொல்லைப் பிழையென்று திருத்த எவருக்கும் உரிமை இல்லை.

ஆனால் இவ்வாதம் கனிமப் பெயரைக் கைவிடச் சொல்லவில்லை. இரண்டையும் தனித்தனியே எழுதச் சொல்கிறது. மரபு வழங்கிய பெயர் ஒரு வரி. சோதனை கண்ட கனிமம் மறு வரி. எந்தச் சோதனை, எந்த ஆண்டு என்பது மூன்றாவது வரி. சோதிக்கப்படவில்லை என்றால் அதையும் வெளிப்படையாக எழுதலாம். மாவோரி மொழி செய்ததைத்தான் அருங்காட்சியக அட்டையும் செய்யவேண்டும்: பொதுப்பெயரும் வேண்டும், சிறப்புப்பெயரும் வேண்டும்.

இதில் இந்தியாவுக்குத் தனி அக்கறை உண்டு. 1972-ஆம் ஆண்டின் பழம்பொருள்கள் சட்டம் நூறாண்டு கடந்த கலைப்பொருள்களைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதைத் தடை செய்கிறது. ஆனால் களவுபோன ஒரு கிண்ணத்தை அயல்நாட்டு ஏலக்கூடத்தில் அடையாளம் காட்ட வேண்டுமெனில், பதிவேட்டில் ‘பச்சைக்கல் கிண்ணம், ஒன்று’ என்றிருப்பது போதுமா? அத்தகைய கிண்ணங்கள் உலகில் எத்தனையோ. கனிமம், எடை, புள்ளிகள், கீறல்கள், நிறமாலைப் பதிவு ஆகியவை இருந்தால் அப்பொருள் தன்னைத் தானே நிறுவிக்கொள்ளும். ஆளின் பெயரை மட்டும் எழுதி, ஊரும் அங்க அடையாளமும் இல்லாமல் விட்ட கடவுச்சீட்டு எதற்கும் உதவாது, கல்லுக்கும் அவ்வாறே.